ஆசிரியர் குழு

திருச்சி தெப்பக்குளத்தருகே ஓர் அச்சகத்தில் எஸ்.எஸ்.எல்.சி. கைடு போட்டார்கள். அட்டையில் 'அனுபவமிக்க ஆசிரியர் குழு' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். குழு என்பது பாலக்கரை அமிர்தராஜ் ஒருவர்தான். அவரே இன்டர்மீடியட்டில் கோட்டைவிட்டவர். ஐஸ் ஏன் தண்ணீரில் மிதக்கிறது, விலை ஏறினால் தேவை ஏன் குறைகிறது, வட்டத்தின் பரப்பு எப்படி வருகிறது, எதைக் கேட்டாலும் பத்து வரியில் பதில் எழுதிவிடுவார். பட்டம் வாங்கிய வாத்தியார்கள் ஒரு மணி நேரம் குழப்புகிற விஷயம் அது. பிள்ளைகள் அதை எழுத்துப் பிசகாமல் நெட்டுருப் போட்டுப் பரீட்சையில் கொட்டிவிட்டு வருவார்கள்.

மனைவி இறந்தபின் அவருக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். மகள் லூர்துராணி எஸ்.எஸ்.எல்.சி. தேறி, ஆசிரியர் டிரெயினிங் முடித்து, வீட்டில் நிஜமாகவே ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும். டிரெயினிங் பள்ளி நடத்தும் கன்னியாஸ்திரீகளிடம் இடமும் சொல்லி வைத்திருந்தார்.

1963. மைல் போய்க் கிலோமீட்டர் வந்த சமயம். பழைய கணக்குகளை அவசர அவசரமாக மாற்றினார். ஒரு மைலுக்கு 1.6 கிலோமீட்டர். ஒவ்வொரு பக்கமும் ஐந்து மைல் உள்ள சதுர நிலம் ஒன்று வந்தது. கைப்பழக்கத்தில் இருபத்தைந்து சதுர மைலையும் 1.6ஆல் பெருக்கி, நாற்பது சதுர கிலோமீட்டர் என்று போட்டுவிட்டார். பக்கமே எட்டு கிலோமீட்டர் ஆகிறதே, எட்டெட்டு அறுபத்துநாலு அல்லவா என்று பிப்ரவரியில் தொட்டியத்திலிருந்து ஒரு மாணவி கார்டு போட்டாள்.

அமிர்தராஜ் கார்டைக் கொண்டுபோய் முதலாளி அழகிரியிடம் காட்டினார்.

"ரெண்டாயிரம் காப்பி போயாச்சுங்க. அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்."

அந்த வருஷப் பரீட்சைக்கு அதே கைடைப் படித்துக்கொண்டிருந்த மகளிடமாவது சொல்லியிருக்கலாம். வெட்கம், சொல்லவில்லை. இத்தனை கணக்கில் அதுவா வரப்போகிறது என்று இருந்துவிட்டார்.

அதுதான் வந்தது. ஜூனில் ரிசல்ட் வந்தபோது லூர்துராணி கணக்கில் மூன்று மார்க்கில் தவறியிருந்தாள். அந்தக் கேள்விக்கு ஐந்து மார்க்.

"எனக்கு அறுபத்துநாலுதாம்ப்பா வந்துச்சு," என்றாள். "உங்க புஸ்தகத்துல நாப்பதுன்னு இருந்தது ஞாபகம் வந்துச்சு. நீங்க தப்பாப் போடமாட்டீங்களேன்னு அடிச்சிட்டு மாத்தினேன்."

அவருக்கு அழுகைகூட வரவில்லை. "சரி, சாப்பிடு" என்றார். டிரெயினிங் இடம் வேறொருத்திக்குப் போனது. அவர் தினமும் அச்சகம் போனார், பதில் எழுதினார், திரும்பி வந்தார். மனசு மரத்துப்போயிருந்தது. பிப்ரவரியிலேயே தெரியும் என்று சொல்ல மட்டும் கடைசிவரை வாய் வரவில்லை.

செப்டம்பர் பரீட்சைக்கு வேறு கம்பெனி கைடு ஒன்றை வாங்கிவந்து அவள் முன்னால் வைத்தார். அவள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"எதுக்குப்பா வீணா? உங்களதே போதும்."