ஏக்கருக்கு நாற்பத்தெட்டு புசல்

இது நடந்தது. நடக்கவில்லை என்பவர்களோடு வாதாட இன்பமலருக்குப் பொறுமையில்லை. நாள், 1973 ஓகஸ்ட் 21, செவ்வாய்க்கிழமை. பட்டப்பகல். வெளியே ரோட்டில் பஸ் ஓடிக்கொண்டிருந்தது.

லிங்கநகர் இன்பமலர் பேராதனையில் விவசாயம் படிக்கிறவள். கடைசி வருடம். ஈச்சிலம்பற்று உவர் நிலத்தில் புது இன நெல்லை விதைக்கலாமா, கூடாதா என்பதுதான் அவளுடைய ஆய்வு. ‘விதைக்கலாம்’ என்று எழுதினால், அவளுடைய விரிவுரையாளர் அதைத்தான் மேலிடத்துக்குச் சிபாரிசு செய்வார். மழைக்காலப் பெரும்போகத்துக்கு அந்த விதைநெல் அங்கே போய் இறங்கும். விளைச்சல் பொய்த்துப்போனால் அந்தப் பக்கத்து அடுப்பெல்லாம் அணையும். ஆய்வேடு கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். தவறினால் ஒரு வருடம் பாழ்.

பல்கலைக்கழக நூலகத்தில் கார்ட் பெட்டியைக் குடைந்து, பழைய மாணவர்களின் ஆய்வேடுகள் நான்கை அவள் தேடி எடுத்திருந்தாள். நான்கிலும் விளைச்சலுக்கு ஒரே எண். ஏக்கருக்கு நாற்பத்தெட்டு புசல் நெல். முதலாமவன் அரசாங்க விவசாயக் கந்தோர் ஆண்டறிக்கையைப் பார்த்து எழுதியிருந்தான். இரண்டாமவன் முதலாமவனைப் பார்த்து. மூன்றாமவன் இரண்டாமவனைப் பார்த்து... உவர் நிலத்தில் நாற்பத்தெட்டா? ஒருவனாவது சேற்றில் கால் வைத்தானா?

அந்த ஆண்டறிக்கைகள் இருந்தவை திருகோணமலை நகரத்தில், அந்தக் கந்தோரின் வாசிப்பறையில். பொறுப்பாளர் கிளாக்கர் பாக்கியரத்தினம். மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது, வாசிக்கிறவர்களை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவது அவருடைய வழக்கம்.

“என்ன ஐயா, நான் கள்ளியே?”

“உங்களைச் சொல்லேல்லை, பிள்ளை. போன வருஷம் பேராதனையால வந்ததுகள் பார்த்து எழுதப் பஞ்சியில பக்கத்தையே கிழிச்சுக்கொண்டு போட்டுதுகள். ரெண்டு மணிக்குத் திறக்கிறன்.”

டக்.

பூட்டு விழுந்தது. மணி 1.05.

1966ஆம் ஆண்டறிக்கையை விரித்தாள். அதே எண். வேறு ஆதாரம் இல்லை, நேரமும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கொப்பியில் எழுதினாள். 48.

1.20. சொட்... சொட்...

அறையில் தண்ணீர்க் குழாய் கிடையாது. வெளியே சோளகக் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. மழை பெய்து மாதக்கணக்கு. ஆனால் மூக்கில் ஏறியது அழுகிய வைக்கோல் மணம்.

கொப்பியைப் பார்த்தாள். 48 வெட்டப்பட்டிருந்தது. பேனை அவளுடைய கையில்தான். மூடி போட்டபடி.

“ஆரது? என்ன பகிடி இது?”

கோபத்தோடு மறுபடி எழுதினாள். 48. தாள் கிழிகிற மாதிரி அழுத்தி.

சரக்...

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்ணின் குறுக்கே ஒரு கோடு ஓடியது. சேற்றுக் கோடு.

1.34. எதிர்க் கதிரை பின்னால் இழுபட்டது.

கிரீச்...

ஒருவர் உட்கார்ந்திருந்தார். காக்கிக் கால்சட்டை தொடைவரை ஈரம். முகத்தில் அப்படி ஒரு கோபம்.

“எழுதாதேங்கோ.”

“நீங்கள்... ஆர்?”

“பொய் அது.”

கைமுட்டியால் அறிக்கையின் மேல் ஓங்கிக் குத்தினார். மேசை அதிர்ந்தது.

சத்தம் வரவில்லை.

“ஒன்பது. இக்னேசியஸ்ட வயல். போய்க் கேளுங்கோ.”

கண் சிமிட்டினாள்.

கதிரை வெறுமை.

கதவு... பூட்டியபடி.

இரண்டு மணிக்குப் பாக்கியரத்தினம் வந்து திறந்தார். “என்ன பிள்ளை, இப்பிடி வேர்த்து ஊத்துது?” அவள் கொப்பியை அள்ளிக்கொண்டு வெளியேறினாள்.

புதன்கிழமை காலை லோஞ்ச் படகு ஏறி மூதூர். அங்கிருந்து பஸ்ஸில் ஈச்சிலம்பற்று. பெயரைச் சொல்லி விசாரித்துப் போனாள். இக்னேசியஸ் வயல் வரம்பில் நின்று அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“பேராதனையோ? இப்பதான் உங்களுக்கு இஞ்ச வாற வழி தெரிஞ்சதோ?”

“அண்ணை, இந்த வயல் ஏக்கருக்கு எத்தினை புசல் தரும்?”

“ஒன்பது. இந்த உப்புக்குள்ள அதுக்கு மேல ஒரு நாளும் வந்ததில்லை. நாற்பத்தெட்டெண்டு புத்தகத்தில போட்டிருக்காமே? அதைக் காட்டித்தான் எங்களுக்கு நிவாரணமும் இல்லையெண்டவங்கள்.”

“ஆர் வந்து அளந்தது?”

“விவசாயப் போதனாசிரியர், பற்றிக் எண்டு பேர். ஒருத்தர்தான் வந்தவர். சேத்துக்குள்ள இறங்கி, தன்ர கையால வெட்டி அளந்த மனிசன். அவருக்குப் பிறகு ஒரு நாய் எட்டிப் பார்க்கேல்லை.”

“இப்ப எங்க இருக்கிறார்?”

இக்னேசியஸ் தொப்பியைக் கழற்றினார். “அறுபத்திநாலு மார்கழிச் சூறாவளி, தங்கச்சி. அளந்து எழுதின கொப்பியை எடுக்கப்போறனெண்டு வெள்ளத்துக்குள்ள இறங்கினவர். உடம்பும் கிடைக்கேல்லை. கொப்பியும் கிடைக்கேல்லை.”

திரும்பி வரும்போது லோஞ்சிலேயே எழுதி முடித்தாள். ஏக்கருக்கு ஒன்பது. ஆதாரம், இக்னேசியஸின் வயல். விதைக்கக் கூடாது. யார் புள்ளியைக் குறைத்தாலும் குறைக்கட்டும்.

வியாழன் காலை 9.10. வாசிப்பறை அலுமாரியைத் திறந்து அறிக்கைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டாள். 1965. 1966. 1967... 1972 வரை எட்டுப் புத்தகம். எட்டிலும் நாற்பத்தெட்டு. எட்டிலும் அட்டவணையின் அடியில், இதுவரை ஒரு மாணவனும் கொப்பியில் எடுக்காத ஒரு வரி.

அளந்தவர்: பற்றிக்.

எட்டுப் புத்தகத்தையும் கொண்டுபோய்ப் பாக்கியரத்தினத்தின் மேசையில் போட்டாள்.

“செத்துப்போன மனிசன் எட்டு வருஷமா எப்பிடி ஐயா வயல் அளந்தவர்?”

பாக்கியரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரலில் ஒரு கூச்சமும் இல்லை.

“பேர் இல்லாட்டி கொழும்பில இருந்து திருப்பி அனுப்புவினம், பிள்ளை. உயிரோட இருக்கிறவன்ர பேரைப் போட்டா, அவன் வந்து சண்டை பிடிப்பான். செத்தவன் வந்து கேக்கப்போறானே?”