வெற்றிலையில் வைத்த படக்கூலி

“ஒரு படம்தானே” என்பார்கள். கேமரா கையில் இருந்த காலமெல்லாம் நான் அதிகமாகக் கேட்ட வார்த்தை அதுதான். பிலிம் என்னவோ வேலியில் கோவைக்காய் மாதிரி தானாகக் காய்ப்பது போலவும், நான் போகிற போக்கில் பறித்துக்கொண்டு வருவது போலவும் பேசுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திட்டிக்கொண்டே எடுத்துக் கொடுப்பேன். திட்டுவதும் நின்றதில்லை, எடுத்துக் கொடுப்பதும் நின்றதில்லை.

கேமரா கொழும்பிலிருந்து வந்தது. சித்தப்பா அங்கே ஒரு துணிக்கடையில் இருந்தவர், சுதந்திரம் வந்து சில வருஷம் கழித்து ஊரோடு வந்துவிட்டார். தனுஷ்கோடியில் இறங்கியபோது, உள்ளே தங்கம் இல்லை என்று சுங்கக்காரர்களுக்குக் காட்டுவதற்காக அவரே கேமராவைத் திறந்து காட்டி, அதில் இருந்த பிலிமை வெயிலில் கெடுத்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு அதை என்ன செய்வதென்று தெரியாமல் என்னிடம் தள்ளிவிட்டார்.

சாயல்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மிளகாய், பருத்தி, வரப்பெல்லாம் பனை. நிலம் எங்களுடையது, மழை மட்டும் எங்களுடையது இல்லை. வெள்ளாமை பார்த்த நேரம் போக மிச்ச நேரத்தில் நான் படம் பிடித்தேன். “மொளகா வித்த காசை இவன் நெழலுக்கு விட்டுக்கிட்டு இருக்கான்” என்று என்னைப் பெற்ற அய்யா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார்.

அது பெட்டிக் கேமரா. கண்ணருகே வைத்துப் பார்க்கிற ரகம் இல்லை. வயிற்றோடு அணைத்துப் பிடித்து, குனிந்து, மேலே இருக்கிற சின்னக் கண்ணாடிக்குள் பார்க்க வேண்டும். எதிரே நிற்பவர் நகத்தளவாக, இடம் வலம் மாறித் தெரிவார். நிற்பவர் பெட்டியைத்தான் பார்க்க வேண்டும். என் முகத்தைப் பார்த்தால் படத்தில் பார்வை மேலே போய்விடும். அதனால் எல்லோரையும் அதட்டுவேன். “பெட்டியைப் பாரு, என்னையப் பாக்காதே. எம் மூஞ்சியில என்ன எழுதியா ஒட்டியிருக்கு?”

சிநேகிதர்கள் என் படங்களை இஷ்டத்துக்கு எடுத்தாண்டார்கள். தனுஷ்கோடிக் கப்பலை எடுத்த படம் சாயல்குடி டீக்கடையில் சாமி படங்களுக்கு நடுவே தொங்கியது. உப்பளத்துக்காரர் ஒருவர் என் படத்தைக் காலண்டரில் போட்டார். இன்னொருவன் பஞ்சாயத்துத் தேர்தலுக்கு நின்று, நான் எடுத்த அவன் முகத்தை நோட்டீஸில் அச்சடித்தான். அச்சாபீஸுக்குக் கொடுத்தான், மை வாங்கக் கொடுத்தான், சுவரில் பசை தடவினவனுக்கும் கொடுத்தான். எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தான். தோற்றபோது, படம் சரியில்லை என்று என்னைத்தான் சொன்னான்.

“தாயும் புள்ளையும்னாலும் வாயும் வயிறும் வேற மாப்ள. நீ காசு வாங்கு” என்று சொல்லிக்கொண்டே இருந்தவன் என் மச்சான் ஒருவன்தான். என் அம்மாவோடு பிறந்த மாமாவின் மகன். கடலாடிப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தோம். எனக்கு அவனைவிட நெருங்கிய சிநேகிதன் கிடையாது.

“வாங்க மாட்டேன்” என்பேன்.

“ஏன்?”

“காசு வாங்கிட்டா அதோட முடிஞ்சு போகும். அவன் யாரோ, நான் யாரோ. வாங்காம இருந்தாத்தான் பாக்குறப்ப ஒரு இது இருக்கும்.”

“என்ன இது? ஓசின்னா எனக்கொண்ணு, எங்கப்பனுக்கொண்ணும்பான். அதுதான் இருக்கும்” என்று சிரிப்பான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் யாரோடும் எதையும் முடித்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அப்போது நான் அப்படித்தான் இருந்தேன்.

மச்சானுக்கு ஒரு தங்கச்சி. எனக்கு முறைப்பெண். சின்ன வயசிலிருந்தே அவள் எனக்குத்தான் என்று இரண்டு வீட்டிலும் பேசிக் கேட்டு வளர்ந்தேன். பேசிக் கேட்டதால் மட்டும் வந்த ஆசை இல்லை அது. அவள் நடந்து போனால் எனக்கு அந்தத் தெருவே பிடித்துப் போகும். அதைப் போய் யாரிடம் சொல்ல?

என் கடைக்குட்டித் தம்பிக்குக் காது குத்தினபோதுதான் எல்லாம் கெட்டது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமாவின் வண்டி வழியில் அச்சு முறிந்து நின்றுவிட்டது. நல்ல நேரம் போகிறதென்று அய்யா ஒரு பங்காளி மடியில் பிள்ளையை உட்கார வைத்துக் குத்தச் சொல்லிவிட்டார். சீர் வரிசையோடு வந்த மாமா, பிள்ளையின் காதில் ரத்தத்தைப் பார்த்தார். வாசலோடு வண்டியைத் திருப்பினார். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. அம்மா பிறந்த வீட்டுக்குப் போகாமல் அழுதாள். மச்சானும் நானும் மட்டும் சாயல்குடிச் சந்தையில் சந்தித்துக்கொண்டோம்.

அப்படி ஒரு சந்தையில்தான் மச்சான் கேட்டான். “மாப்ள, தங்கச்சியை ஒரு படம் எடுக்கணும். கொழும்புல ஒரு எடம் வந்துருக்கு. மாப்பிள்ளைக்கு அனுப்பணுமாம்.”

நான் கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவனும் கத்தரிக்காயைத்தான் பார்த்தான். “நாளைக்கு வாரேன்” என்றேன். வேறு யாராவது போய் எடுத்துவிடுவார்களோ என்று இருந்தது எனக்கு.

மறுநாள் காலையில் போனேன். மாமா தோட்டத்துக்குப் போய்விட்டார், வேண்டுமென்றேதான். அத்தை அவளை வெள்ளையடித்த சுவரோரம் கொண்டுவந்து நிறுத்தினாள். தலையில் வைத்த பூ படத்தில் தெரியாதே என்று பின்னலை எடுத்து முன்னால் போட்டாள். கழுத்தில் பக்கத்து வீட்டுச் சங்கிலி. சுருளில் ஒரு படம்தான் பாக்கி இருந்தது.

குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தேன். நகத்தளவாக நின்றாள். வெயில் அவள் முகத்தில் விழுந்தது. பெட்டியை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

“பெட்டியைப் பாரு” என்றேன்.

“பாக்குறேன்” என்றாள்.

தட்டினேன்.

சுருளைக் கழுவ ராமநாதபுரம் ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனேன். ஸ்டுடியோக்காரர் படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “பார்வை மேலே போயிருச்சே. பொண்ணு பெட்டியைப் பாக்கலை, உங்களைப் பாத்துருச்சு. இன்னொண்ணு எடுத்துருங்க.”

வாங்கிப் பார்த்தேன். குனிந்திருந்ததால் நான் பார்க்காமல் விட்ட பார்வை அந்த அட்டையில் இருந்தது. அன்றைக்கு ஊர் வரைக்கும் பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். அவ்வளவு சந்தோஷம். இன்னொன்று எடுக்கவில்லை. “நல்லாத்தானே இருக்கு” என்று மச்சான் அதையே கொழும்புக்கு அனுப்பிவிட்டான்.

மாப்பிள்ளைக்குப் பெண் பிடித்துவிட்டது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. மாமன் மகளுக்கு அத்தை மகன்தான் முதல் உரிமைக்காரன். அவளை வெளியே கொடுப்பதாக இருந்தால், அவன் கையில் வெற்றிலை பாக்கோடு பணமும் வேட்டியும் கொடுக்க வேண்டும். அவன் வாங்கிக்கொண்டால் விட்டுக்கொடுத்ததாக அர்த்தம். வாங்காமல் முறுக்கிக்கொண்டால் நாள் குறிக்க மாட்டார்கள். மீறிக் குறித்தால் பந்தலில் வெட்டுக்குத்துத்தான்.

மச்சான் தட்டோடு எங்கள் தோட்டத்துக்கு வந்தான். நான் மாடு பூட்டிக் கிணற்றில் கமலை இறைத்துக்கொண்டிருந்தேன். தட்டைக் கிணற்று மேட்டில் வைத்தான். கொஞ்ச நேரம் மாட்டைப் பார்த்தான்.

“மாப்ள, படத்துக்குன்னு வாங்கிக்கிட்டாலும் சரி, உரிமைக்குன்னு வாங்கிக்கிட்டாலும் சரி. நீ வாங்கணும்.”

“சிநேகிதக்காரன்கிட்ட நான் காசு வாங்குறதில்லைன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும். அதான் பயந்துக்கிட்டே வந்தேன்.”

“எடுத்துக்கிட்டுப் போ” என்றேன். அவன் தட்டை எடுத்துக்கொண்டு போனான். வெற்றிலை ஒன்று வரப்பில் விழுந்து கிடந்தது. அதை மாடு தின்றது.

என் கொள்கை எனக்கு அவ்வளவு உபயோகமாக இருந்தது அன்றைக்குத்தான். வாங்காத வரைக்கும் அவள் எனக்குத்தான் என்று இருந்தேன். கொழும்புக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள், மாமா நாள் குறிக்கவில்லை, வாரங்கள் போயின. நான் உள்ளுக்குள் ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

மாரியம்மன் கோயில் பொங்கலில் அவளே நேரே வந்தாள். கையில் பானை. சுற்றிலும் அடுப்புப் புகை, யாரும் எங்களைக் கவனிக்கவில்லை.

“அத்தான், எங்க அய்யா சோறு திங்க மாட்டேங்குறாரு. நீங்க கூட்டிக்கிட்டுப் போறதா இருந்தா இப்பவே சொல்லுங்க, வாரேன். இல்லேன்னா அந்தத் தட்டை வாங்கிக்கங்க. ரெண்டும் இல்லாம என்னையப் படம் கணக்காப் பெட்டிக்குள்ள போட்டு வச்சுக்கிட்டா எப்படி?”

கண் கலங்கியிருந்தது. புகையாகவும் இருக்கலாம். “நாளைக்குள்ள சொல்றேன்” என்றேன்.

கோயிலிலிருந்து நேராக அய்யாவிடம் போய்க் கேட்டேன். வாழ்க்கையில் அவரிடம் நான் எதிரே நின்று கேட்டது அது ஒன்றுதான். மிளகாய் அம்பாரத்தைக் கூட்டிக்கொண்டிருந்தவர் துடைப்பத்தைக் கீழே வைத்தார்.

“ஏலே, நான் செஞ்சது தப்புத்தான். அவன் வர்றதுக்குக் காத்திருந்திருக்கணும். ஆனா அதைச் சொல்லிக்கிட்டு அவன் வாசல்ல போயி நிக்க என்னால ஏலாது. என்னைப் பாடையில தூக்கிட்டுப் போறப்ப வேணும்னா அந்த வழியாத் தூக்கிட்டுப் போ.”

அவர் திட்டியிருந்தால் நான் கிளம்பியிருப்பேன். தப்பு என்று சொல்லிவிட்டு அழுகிறவரை என்ன செய்வது? அம்மா கதவோரம் நின்று என்னையே பார்த்தாள். மாமா மகளைக் கூட்டிக்கொண்டு ஓடினால் மாமாவும் என் பங்காளிகளும் எங்கே எதிரெதிராக நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். அரிவாளோடுதான் நிற்பார்கள்.

மறுநாள் நானே மாமா வீட்டுக்குப் போனேன். அத்தை தட்டைக் கொண்டுவந்தாள். மச்சான் கொடுத்தான், இரண்டு கையாலும் வாங்கினேன். மாமா என் தலையைத் தொட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். காசு வாங்கினால் முடிந்துவிடும் என்று நான் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

அந்தப் பணத்துக்குப் பிலிம் வாங்கினேன். வேறு எதற்குச் செலவழித்தாலும் தொண்டையில் நிற்கும் போல இருந்தது.

கல்யாணம் முடிந்து அவர்கள் கொழும்புக்குக் கிளம்பியபோது தனுஷ்கோடி வரைக்கும் வழியனுப்பப் போனேன். ரயில் கடல் பாலத்தைத் தாண்டும்போது அவள் ஜன்னலோரம் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். துறைமுகத்தில் மணல் பறந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை நல்ல மாதிரியான மனுஷர். அதுதான் எனக்கு எரிச்சல். “அண்ணே, எங்க ரெண்டு பேரையும் ஒண்ணு எடுத்துருங்களேன்” என்று அவரே கேட்டார்.

கப்பலுக்கு முன்னால் நிறுத்தினேன். குனிந்தேன். “பெட்டியைப் பாருங்க” என்றேன்.

கழுவி வந்ததும் ஸ்டுடியோக்காரர் சந்தோஷப்பட்டார். “இது சரியா விழுந்துருக்கு பாருங்க. ரெண்டு பேரும் பெட்டியையே பாக்குறாங்க.”

ஆமாம். இரண்டு பேரும் பெட்டியைத்தான் பார்த்தார்கள்.

பிறகு எனக்கும் கல்யாணம் ஆனது. நல்லவள் வந்தாள், அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஆனாலும் கடலாடி பஸ்ஸில் யாராவது பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால், இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிடுவேன்.

சில வருஷம் கழித்து அவர்கள் கொழும்பிலிருந்து பிள்ளைகளோடு ஊருக்கு வந்தார்கள். அதற்குள் அய்யாவும் போய்விட்டார், வீடுகளும் பேச ஆரம்பித்துவிட்டன. மச்சான் கூப்பிட்டுவிட்டான், போனேன். மாப்பிள்ளை கொஞ்சம் தொந்தி போட்டிருந்தார். பாய் விரித்து உட்கார வைத்து, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார்.

“அண்ணே, கல்யாணத்துக்கு முந்தி நீங்க எடுத்த படம் உப்புக் காத்துல மங்கிப்போச்சு. நெகட்டிவ் இருந்தா பெருசா ஒண்ணு போட்டுக் குடுங்க, கடையில மாட்டணும். அப்ப எனக்கு நாலஞ்சு படம் வந்துச்சு. எல்லாம் தலையைக் குனிஞ்சிருக்கும், இல்ல மொறைச்சுக்கிட்டு இருக்கும். இவ மட்டும் யாரையோ எதிர்பார்த்து நிக்கிற மாதிரி இருந்தா. நம்மளைத்தான்னு நெனச்சுக்கிட்டேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். மச்சான் சிரிக்கவில்லை, தரையில் கிடந்த ஈர்க்குச்சியை எடுத்து ஒடித்துக்கொண்டிருந்தான். நெகட்டிவ் என்னிடம் பத்திரமாக இருந்தது. “போட்டு அனுப்புறேன்” என்றேன்.

அவர் சட்டைப்பையில் கையை விட்டார். “சும்மா வாங்கினா நல்லா இருக்காது. என்ன ஆகும்னு சொல்லுங்க.”

சிநேகிதர்களிடம் நான் வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் காப்பி டம்ளரோடு வெளியே வந்தாள்.

“அவுகளுக்குக் குடுக்க வேண்டாம்” என்றாள் புருஷனிடம். “அப்பவே வாங்கிட்டாக.”

கோபமாகச் சொல்லவில்லை. டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். குனிந்துகொள்ள என் கையில் பெட்டி இல்லை.