கூலாயில் எனக்கு ஒரு நாற்காலி

கதை எழுதுற தொழில்ல ஒரு வசதி இருக்கு: வேலை செய்யலைன்னாலும் செய்யற மாதிரியே உட்கார்ந்திருக்கலாம், பக்கத்துல இருக்கறவங்களுக்குத் தெரியவே தெரியாது. நீங்களும் எழுதுற ஆளா இருந்தா இந்நேரம் தலையை ஆட்டியிருப்பீங்க. ஆட்டுங்க, வெட்கப்பட ஒண்ணுமில்ல. நான் அப்படி ஒன்றரை வருஷம் உட்கார்ந்திருந்தவ.

சும்மா இருக்கக்கூடாத நாற்காலி

மலேசியாவுல, கூலாய்ங்கற ஊர்ல ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில தனம் அக்கா கோலம் சொல்லிக்கொடுக்கிற அறை இருக்கு. ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் அது எங்க நாலு பேருக்கு. தனம் அக்கா கலர் அரிசியில கோலம் போடறவங்க. சரவணன் உறுமி அடிக்கிறவன், அந்த அறைக்குள்ள மட்டும் உறுமி மேல துண்டைப் போட்டுத்தான் அடிக்கணும். முனியாண்டி அண்ணன் கோயில் சிலை செய்றவர், காஹாங்கிலேருந்து லோரியில வருவார். நாலாவது நான், ரெஜினா. செனாய் பக்கம் ஃபேக்டரியில வேலை, கதை எழுதறேன்னு சொல்லிக்கிறவ. சர்ச் பூசையை சனிக்கிழமை சாயங்காலமே முடிச்சிட்டு, ஞாயித்துக்கிழமை ஒன்பது மணிக்கு டாண்ணு போயிடுவேன்.

பதினோரு மணி வரைக்கும் யாரும் பேசக்கூடாது. அவங்கவங்க வேலையை அவங்கவங்க செய்யணும், அப்புறம்தான் டீ. ஒரே ஒரு சட்டம்: வருஷத்துக்கு ஒண்ணாவது முடிச்சு மத்தவங்க முன்னால வைக்கணும். வைக்க முடியாதவங்க நாற்காலியைக் காத்திருக்கிற ஆளுக்கு விட்டுடணும். ஜொகூர் பாருல கண்ணாடியில படம் வரையற ஒரு பொண்ணு ஏழு மாசமா காத்துக்கிட்டு இருக்கா. என் வருஷம் முடிஞ்சுபோச்சு. பாவம் பார்த்து இன்னொரு அரை வருஷம் கொடுத்தாங்க, தீபாவளிக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும். அந்த நாற்காலி போச்சுன்னா நான் எழுதறதே நின்னுடும், எனக்கு நல்லாத் தெரியும். வீட்டுலயும் மேசை இருக்கு, ஆனா அங்க உட்கார்ந்தா துணி மடிக்கத்தான் தோணும். கதை வரவே இல்லைன்னா மனுஷி என்னதான் செய்யறதுன்னு ஒரு நாள் கேட்டுப் பார்த்தேன். தனம் அக்கா டீயை ஆத்திக்கிட்டே சொன்னாங்க: “வரலைன்னா பரவால்ல ரெஜினா. நாற்காலி சும்மா இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.”

சிவப்பு அம்பு

பதினாலு வருஷமா என் சோறே குறை கண்டுபிடிக்கிறதுல வருது. லாட் லாட்டா வர்ற சர்க்யூட் போர்டை விளக்குக்குக் கீழ வச்சு, பூதக்கண்ணாடியில பார்த்து, எங்கயாவது ஈயம் சரியா ஒட்டலைன்னா அந்த இடத்துல சின்னதா ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டணும். ஒரு நாள் ரெஸ்ட் டைம்ல என் கதையைத் திருத்திக்கிட்டு இருந்தேன். ஆஸ்பத்திரி லிஃப்ட்ல மாட்டிக்கிட்ட ரெண்டு சம்பந்திங்க கதை. பேனா தீர்ந்துபோச்சு, கையில அம்பு இருந்துச்சு. ஒரு வரிக்குப் பக்கத்துல விளையாட்டா ஒண்ணு ஒட்டினேன். அன்னைக்குப் பிடிச்சது சனியன். ஒரு மாசத்துல மூணாவது வரியில மட்டும் பதினோரு அம்பு. எழுதினது எதுன்னு எனக்கே தெரியல.

எங்க லைன்ல ரோஹானா அக்கான்னு ஒரு மலாய்க்கார அம்மா. தமிழ் படிக்கத் தெரியாது, ஆனா அம்பு எதுக்குன்னு நல்லாத் தெரியும். என் தாளை எடுத்து, வெளிச்சத்துல பிடிச்சு, முன்னும் பின்னும் திருப்பி, நிஜமாவே வருத்தப்பட்டு மலாயில கேட்டாங்க: “அலமாக் ரெஜினா, இந்த லாட்ல ஒண்ணுகூட பாஸ் ஆகலையா?”

ஜேம்ல அடிக்கிற அடி

சரவணன் சிங்கப்பூர்ல வேலை செய்றான், தினமும் மோட்டார் சைக்கிள்ல பாலம் தாண்டிப் போய்ட்டு வரணும். ஒரு சாயங்காலம் அங்க என் சித்தி மகளைப் பார்த்துட்டு அவன் பின்னால உட்கார்ந்து வந்தேன். பாலத்துல வழக்கம்போல ட்ராஃபிக் ஜேம். எறும்பு மாதிரி மோட்டாருங்க, நகரவே இல்ல. நான் வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டு இருக்கேன், இவன் என்னடான்னா கையுறையைக் கழட்டிட்டு மீட்டர் மூடி மேல வலது கையால தட்டறான், இடது கையைத் தொடையில தேய்க்கிறான். உறுமிக்கு அதுதானே, ஒரு பக்கம் தேய்ப்பு, ஒரு பக்கம் அடி. ஒரே இடத்துல ஒவ்வொரு தடவையும் தப்புது. தப்பினா முதல்லேருந்து ஆரம்பிக்கிறான், கோபமே இல்லாம.

கேட்டப்பதான் தெரிஞ்சுது, அந்த ஒரே ஒரு அடியை எட்டு மாசமா பழகறானாம். வீட்டுல இல்ல, பாலத்துல மட்டும். போறப்ப ஒரு தடவை, வர்றப்ப ஒரு தடவை. உலகமே சபிக்கிற இடத்தை இந்தப் பய தனக்குன்னு ஒரு பள்ளிக்கூடமா வச்சிருக்கான். நான் நேரமில்ல நேரமில்லன்னு எத்தனை பேர்கிட்ட புலம்பியிருப்பேன்! கொஞ்ச நேரத்துல வழி விட்டுச்சு, எல்லா மோட்டாரும் உறுமிக்கிட்டுக் கிளம்புச்சு. இவன் முகம் மட்டும் தொங்கிப்போச்சு. “சே, இன்னும் ஒரு சுத்து போயிருந்தா பிடிச்சிருப்பேன் அக்கா. இன்னிக்கு ஜேம் ரொம்பக் கம்மி லா.”

மயிலுக்கு வந்த தாகம்

தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னாடி, ஜொகூர் பாருல ஒரு ஷாப்பிங் மால் நடுவுல தனம் அக்கா மயில் கோலம் போட்டாங்க. இருபது அடி அகலம். ரெண்டு நாளா முட்டி போட்டே செஞ்சாங்க, நான் அரிசி எடுத்துக் கொடுக்கிற எடுபிடி. தோகையில கடைசிக் கண்ணு முடியற நேரம், தரை துடைக்கிற ரோபோ ஒண்ணு தானா வந்துச்சு. கயிறு கட்டியிருந்தோம், கயித்துக்கு அடியில நுழைஞ்சு, தோகைக்கு நடுவால நேராப் போயிடுச்சு. பாதி அரிசியை உறிஞ்சிட்டு, ஈரமா ஒரு பாதையைப் போட்டுட்டு, அந்தப் பக்கம் போய் மரியாதையா ‘எக்ஸ்கியூஸ் மீ’ன்னு வேற சொல்லுச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

தனம் அக்கா ஒரு நிமிஷம் பார்த்தாங்க. திட்டல, தலையில கை வைக்கல. தரை காயறதுக்குள்ள நீல அரிசியை எடுன்னாங்க. அந்த ஈரப் பாதை மேலயே தூவ ஆரம்பிச்சாங்க. ரெண்டு மணி நேரத்துல அது ஆறு. தோகையைச் சுருக்கி, கழுத்தைக் கீழ வளைச்சு, அலகைத் தண்ணியில வச்சுட்டாங்க. சத்தியமாச் சொல்றேன், அதுக்கு முன்னாடி அந்த மயில் சும்மா நின்னுச்சு, இப்ப அதுக்குத் தாகம் எடுத்திருந்துச்சு. எப்படிக்கா யோசிச்சீங்கன்னு கேட்டேன். முட்டியைத் தேச்சுக்கிட்டே சொன்னாங்க: “யோசிக்க எங்க நேரம்? மயிலைக் காப்பாத்தணுமில்ல.”

ஆறு விரல்

தீபாவளி லீவுல முனியாண்டி அண்ணன் வேலையைப் பார்க்க காஹாங் போனேன். எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்துக்கு நடுவுல ஒரு சின்னக் கோயில். சாரம் மேல உட்கார்ந்து ஒரு சிமெண்டு உருண்டையைக் கட்டைவிரலால அமுக்கிக்கிட்டு இருந்தார். பேச்சுக் கொடுத்துக்கிட்டே ரெண்டு அமுக்கு, ஒரு இழுப்பு. திரும்பிப் பார்த்தா, ஒரு காவல்தெய்வம் என்னை முறைச்சுக்கிட்டு இருக்கு. நான் ரெண்டு அடி பின்னால போயிட்டேன். வேதக்காரிதான் நான், ஆனாலும் கையெடுத்துக் கும்பிடலாமான்னு இருந்துச்சு.

வாசல் பக்கம் அவர் முன்னமே செஞ்ச பெரிய சிலை ஒண்ணு. கத்தி பிடிச்ச கை. என் கண்ணு சும்மா இருக்குமா? எண்ணிடுச்சு. ஆறு விரல். சொல்லலாமா வேணாமான்னு தவிச்சு, கடைசியில சொல்லிட்டேன். அண்ணன் இறங்கி வந்தார், விரல் விட்டு எண்ணினார், கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சார். அப்புறம் என்னை ஒரு மாதிரி பார்த்து, கேலியே இல்லாமச் சொன்னார்: “நாலு வருஷமா எல்லாரும் இதைக் கும்பிட்டுட்டுப் போறாங்கம்மா. நீங்க ஒருத்தர்தான் எண்ணிப் பார்த்திருக்கீங்க.”

கடைசி ஞாயித்துக்கிழமை

சம்பந்திங்க இன்னும் லிஃப்டுக்குள்ளயேதான் இருந்தாங்க. முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சு. சரி, மரியாதையா விலகிக்கலாம்னு ஒன்பது மணிக்கு உட்கார்ந்து, அந்த மூணு பேருக்கும் ஒரு கடுதாசி எழுத ஆரம்பிச்சேன். கடுதாசிதானே, அதுல யார் குறை பார்க்கப் போறா? கை பாட்டுக்கு ஓடுச்சு. ஏன் என்னால முடியலைன்னு சொல்ல வந்து, என்னென்னமோ வந்துடுச்சு. வீட்டுக்காரர் சவரம் பண்ணிட்டு வந்தா விட்டுப்போன முடிதான் முதல்ல கண்ணுல படுதுன்னு எழுதினேன். என் மக பரிசு வாங்கி, சான்றிதழைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தப்ப, அதுல போட்டோ கோணலா ஒட்டியிருக்குன்னுதான் முதல்ல சொன்னேன், அவ முகம் போன போக்கை அப்புறம்தான் பார்த்தேன்னு எழுதினேன். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல.

பதினோரு மணிக்கு நின்னுக்கிட்டுப் படிச்சேன். மக இடத்துல நிறுத்தி நிறுத்தித்தான் படிக்க முடிஞ்சுது. சரவணன் குனிஞ்சு உறுமித் துண்டை மடிச்சான், விரிச்சான், மறுபடியும் மடிச்சான். தனம் அக்கா கண்ணைத் துடைச்சிட்டு, போனை எடுத்து ஜொகூர் பாரு பொண்ணைக் கூப்பிட்டு, மன்னிச்சுக்கம்மா, நாற்காலி காலி இல்லன்னு சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. இது கதை இல்லையே, விலகல் கடுதாசின்னு திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். முனியாண்டி அண்ணன் தாளை வாங்கி, மெதுவா இன்னொரு தடவை படிச்சு, என் கையிலயே திருப்பிக் கொடுத்தார்: “ரெண்டாவது பக்கம் கொஞ்சம் இழுக்குதும்மா. மக முகத்துக்குச் சீக்கிரம் வந்துடுங்க. அடுத்த வாரம் திருத்திக் கொண்டாங்க.”

ஆக, இந்தத் தொழில்ல ராஜினாமாவைக்கூட ரெண்டு தடவை எழுதித்தான் கொடுக்கணும் போலிருக்கு.