ரோசலின் ஏறிய கார்

தோல் கிடங்கில் வேலை பார்த்த ராயப்பராஜ், கூரையில்லாத பழைய கார் ஒன்றை இரண்டு மாடு பூட்டி இழுத்துவந்து கொல்லையில் நிறுத்தினார். இரண்டு வருஷம் ஞாயிறுதோறும் அதனோடு மல்லுக்கட்டினார். கிடங்கில் கழித்துப்போட்ட தோலைத் தைத்து இருக்கை செய்தார். 1959-இல் என்ஜினும் ஓடியது. அவர் மனைவி ரோசலின்தான் ஏற மறுத்தாள்.

“ஊரே பாக்க நான் உக்காந்து போகணுமாக்கும்? மூடி போடுங்க, வாரேன்.”

மடக்குக் கூரைக்குக் கம்பிச் சட்டம் வாங்க வசதியில்லை. மூங்கிலை வளைத்து, டூரிங் டாக்கீஸ்காரர் கொடுத்த பழைய கூடாரத் துணியைச் சணலால் அதில் வரிந்து கட்டினார். மடக்க முடியாத கூரைதான்; பக்கங்களிலும் துணி தொங்கியதால் உள்ளே இருப்பவர் முகம் வெளியே தெரியாது. ஆனாலும் ரோசலின் ஏறினாள்.

மாதா கோயிலுக்குப் போகிற வழியில், குழாயடிக் கூட்டத்தில் வண்டி நின்றது. ஒருத்தி குடத்தை நகர்த்தினாள்.

“வழி விடுங்கடி. பாவம், யாரையோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறாக.”

இனி இவள் இந்தக் காரில் ஏறவே மாட்டாள் என்று நினைத்தபடி ராயப்பராஜ் வண்டியை நகர்த்தினார். தெரு முனை திரும்புவதற்குள் ரோசலின் சணல் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன புள்ள செய்யிற?”

“வண்டியைத் திருப்புங்க. குழாயடி வழியாவே போவோம்.”

“பூசைக்கு நேரமாச்சே.”

“பூசை அடுத்த ஞாயித்துக்கிழமையும் இருக்கும். அவளுக தண்ணி புடிச்சுட்டுப் போயிருவாளுக.”

ராயப்பராஜ் துணியைச் சுருட்டிப் பின்னால் போட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார்.