பொன்னுலிங்கம் மைக் செட்டும் தேரூர்க் குளமும்

பொன்னுலிங்கம் அண்ணாச்சியின் மைக் செட் சுசீந்திரத்தில் பாடினால் களியக்காவிளையில் கோழி முட்டையிடும். தென்னையில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி அவர் சத்தத்தைக் கூட்டினால் தேங்காய் பறிக்க ஆள் வேண்டாம். நான் கூட்டிச் சொல்வதாக நினைப்பவர்கள், எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழா சமயத்தில் தூங்கிப் பார்த்தவர்களைக் கேளுங்கள்.

முப்பது வருஷம் குழாய்க்கு அடியிலேயே நின்ற மனுசனுக்குக் காதென்ன இரும்பிலா அடித்திருக்கும்? முதலில் வலது போனது, பிறகு இடது. நரம்பு செத்துவிட்டது, இனி எந்த மெஷினும் உதவாது என்று நாகர்கோவிலில் ஒரு டாக்டர் எழுதியே காட்டினாராம். அண்ணாச்சி அதை யாரிடமும் மூச்சு விடவில்லை. யார் எது சொன்னாலும் சிரித்துத் தலையாட்டினார். ஓட்டுக் கேட்டு வந்த எல்லாக் கட்சிக்கும் அப்படியே தலையாட்டியதில் எல்லாருக்கும் வேண்டியவரானார்.

எங்கள் பக்கம் கல்யாண வீட்டுக்கும் மைக் செட் உண்டு, எழவு வீட்டுக்கும் உண்டு. பாட்டுத்தான் வேறே. முருகதாஸ் மகளின் கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம், பெண்கள் பந்தலில் சுற்றியிருந்து காய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி பென் டிரைவை மாற்றிச் சொருகிவிட்டார். பெட்டியில் சிவப்பு லைட் துள்ளியது. பாட்டு ஓடுகிறது என்று நிம்மதியாக வெற்றிலை போட்டார். ஓடியது எழவு வீட்டுப் பாட்டு. வயதான இரண்டு பேர் பழக்கத்தில் மாரில் அடித்து அழவே தொடங்கிவிட்டார்கள். முருகதாஸ் ஓடிவந்து கையை ஆட்டினார். இவரோ, கூட்டி வைக்கச் சொல்கிறார் என்று இன்னும் கூட்டினார்.

முருகதாஸ் ஒயரைப் பிடுங்கிவிட்டு மூஞ்சிக்கு நேரே கேட்டார்: "ஓய், எம் மவளுக்கு நாளைக்குக் கல்யாணமா, காடாத்தா?"

அண்ணாச்சி அதற்கும் தலையாட்டினார்.

குடித்துவிட்டு வந்தான் என்று ஊர் பேசியது. சொட்டு நாக்கில் வைக்காதவர், அந்தப் பெயரையும் வாங்கிக்கொண்டார். செவிடன் என்ற பெயருக்கு அது மேல் என்று நினைத்திருப்பார். பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை. குழாய்களில் கோழி அடைந்தது. டீக்கடைக்கும் அவர் வருவதில்லை. வீட்டில் அவர் பெண்டாட்டி ஞானம் அக்கா உப்பு வாங்கி வரச் சொன்னால் தலையாட்டிவிட்டு அங்கேயே இருப்பார். தன்மேல் ஏதோ கோபம், அதனால்தான் பேச்சில்லை என்று அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

மத்தியானச் சோறு உண்டதும் குடையை எடுத்துக்கொண்டு தேரூர்க் குளத்தங்கரைக்குப் போவார். அங்கே யாரும் பேச மாட்டார்கள், யாருக்கும் தலையாட்ட வேண்டாம். தண்ணீரில் ஒரு கல்லைப் போடுவார். கழுத்தைச் சாய்த்துக் காத்திருப்பார். கொக்கு பறக்கும், வளையம் விரியும், சத்தம் மட்டும் வராது. அடுத்த கல். அவர் போட்ட கல்லில் குளம் மேடாகி, யாராவது பிளாட் போட்டு விற்றுவிடுவார்களோ என்று நானே பயந்தேன்.

ஐப்பசியில் ஒருநாள் வானம் இருண்டது. அவரைக் கூட்டிவரச் சொல்லி ஞானம் அக்கா என்னை அனுப்பினாள். நான் போய்ச் சேருமுன் தாடகை மலையை மழை மறைத்துவிட்டது. பூவரசுக்கு அடியில் ஒதுங்கினேன். அண்ணாச்சி கையில் கல்லோடு அக்கரையைப் பார்த்தபடி இருந்தார். மழை வயலைத் தாண்டி, தண்ணீரைச் சுரண்டிக்கொண்டு வந்தது. தாமரை இலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குனிந்தன. ஒரு நீர்க்காகம் இறகை விரித்தபடி அசையாமல் நனைந்தது. அவரும் குடையை விரிக்கவில்லை. புறங்கையில் விழுகிற துளிகளையே பார்த்தார். கழுத்து சாயவில்லை. மழை விட்டதும் கல்லைப் பக்கத்தில் வைத்தார்.

நான் போய், வீட்டுக்கு வாரும் என்று கத்தினேன். அவர் தலையாட்டவில்லை.

"எனக்குக் காது கேக்காது மக்கா. இனி கேக்கவும் செய்யாது," என்றார். பிறகு என் வாயை உற்றுப் பார்த்து, "நீ பேசு. கொக்கு மீன் முழுங்குகது மாதிரி நல்லாருக்கு."

நான் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினேன்.

"ஞானத்துக்கிட்ட இதச் சொல்லிராத. நீ முன்னால போ, பொறவு வந்து நானே சொல்லுகேன்."

வரப்பில் பாதி தூரம் வந்து திரும்பிப் பார்த்தேன். அவ்வளவு பெரிய குளத்தங்கரையில் அவர் ஒருத்தர்தான் இருந்தார். தண்ணீர் பக்கமே பார்த்துக்கொண்டு.