ஒரு பட்டை பதநீர்

எழுபதுகளின் நடுப்பகுதி. மதுவிலக்கு மறுபடியும் வந்துவிட்டிருந்த சமயம். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. தாம்பரத்தில் ஒரே அறையில் நான்கு பேர் தங்கி, ஆளுக்கொரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வருடக் கோடையில், செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில், திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு பாறைக் குன்றின் அடியில் நடந்தது இது. என் மனைவியைத் தவிர வேறு யாரிடமும் இதை நான் முழுதாகச் சொன்னதில்லை.

எங்களில் ஒருவர் வடக்கே போய் மலையேற்றப் பயிற்சி எடுத்துவிட்டு வந்தவர். எங்களைவிட நான்கைந்து வயது மூத்தவர். அவர்தான் எங்களுக்குத் தலைவர் மாதிரி. அவரிடம் ஒரு நல்ல நைலான் கயிறு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய், வெயில் ஏறுவதற்குள் பாறை ஏறத் தொடங்கிவிடுவோம். பங்குனி, சித்திரையில் பதினோரு மணிக்கு மேல் அந்தப் பாறையில் கை வைக்க முடியாது. தோசைக்கல் மாதிரி கொதிக்கும்.

உண்மையைச் சொன்னால், பாறையைவிட அதற்குப் பிறகு கிடைத்ததுதான் எனக்குப் பெரிய ஈர்ப்பு. குன்றின் அடியில் ஒரு பனந்தோப்பு. அங்கே மரம் ஏறி பதநீர் இறக்கும் ஒருவர் இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த ஆள், நெஞ்சிலும் முழங்கையிலும் மரம் உராய்ந்து தோல் காய்த்துப்போயிருக்கும். அவர் இறக்கியதை அவர் மனைவி மர நிழலில் பானை வைத்து விற்பார். கூடவே அவித்த வேர்க்கடலை. நாங்கள் வருவோம் என்று எங்களுக்காகத் தனியாக ஒரு பானையை ஈரத்துணி சுற்றி எடுத்து வைத்திருப்பார்.

விரல் நுனியெல்லாம் தேய்ந்து, உதடு வெடித்து, தொண்டைக்குள் மண் அப்பியது போல இறங்கி வருவோம். அந்த அக்கா பச்சை ஓலையைக் குழித்து மடித்து, அந்தப் பட்டையில் பதநீர் ஊற்றித் தருவார். பட்டையை ஒரு கையால் பிடிக்க முடியாது. இரண்டு கையாலும் ஏந்தி, குனிந்துதான் குடிக்க வேண்டும். ஓலையின் பச்சை வாசனை, கள்ளாகிவிடாமல் இருக்கப் பானையில் தடவும் சுண்ணாம்பின் லேசான வாசனை, அப்புறம் அந்த இனிப்பு. நான் ஒரே மூச்சில் மூன்று பட்டை குடிப்பேன். அதற்கு ஈடாக ஒரு பானத்தை நான் வாழ்க்கையில் குடித்ததில்லை.

அந்த அண்ணனுக்கு எங்களைப் பார்த்தால் சிரிப்பு.

"இன்னாத்துக்குப்பா இந்தப் பாடு? பனமரத்து மேல பதநீர் கீது, ஏர்றேன். இந்தப் பாற மேல இன்னா கீது?" என்பார்.

நாங்களும் சிரிப்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்தான் சும்மா இருக்காமல் வாயைக் கொடுத்தேன். தலைவர் அன்று ஒரு செங்குத்தான பாறையில் மூன்று முறை முயன்று பாதியிலேயே இறங்கிவிட்டார். எங்களால் அந்தப் பாதிகூட முடியவில்லை. "அண்ணே, நீங்க ஏறிடுவீங்களா?" என்று கேட்டேன். அவர் பாறையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏறலாம்" என்றார்.

கயிறு கட்டப் போனபோது தள்ளிவிட்டார். "மாட்டுக்குக் கட்றா மாரி இது இன்னாத்துக்கு?"

"நான் கீழே புடிச்சுக்கறேன் அண்ணே. வழுக்கினாலும் விழமாட்டீங்க. என்னை நம்புங்க" என்றேன்.

அவர் மனைவிதான், "கட்டிக்கய்யா, புள்ளைங்க சொல்லுதுங்க இல்ல" என்று சொல்லி, கட்டிக்கொள்ள வைத்தார்.

எங்கள் முறை எளிமையானது. கயிற்றின் ஒரு நுனி ஏறுபவரின் இடுப்பில் இருக்கும். அது, பின்பக்கச் சரிவு வழியாகப் போய் உச்சியில் கட்டிய ஒரு வளையத்தின் வழியாகத் திரும்பிக் கீழே வரும். கீழே இருப்பவர் அதைத் தன் முதுகைச் சுற்றி எடுத்து இரண்டு கையாலும் பிடித்திருக்க வேண்டும். மேலே இருப்பவர் நழுவினால் இவர் இறுக்கிக்கொள்வார். அவர் அந்தரத்தில் தொங்குவாரே தவிர விழமாட்டார். கீழே இருப்பவர் செய்யக் கூடாதது ஒன்றே ஒன்றுதான். எது நடந்தாலும் கையை எடுக்கக் கூடாது.

அவர் ஏறியதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. வெறுங்கால். எங்கே பிடிப்பது, எங்கே மிதிப்பது என்று ஓர் இடத்தில்கூட யோசித்து நிற்கவில்லை. தலைவர் மூன்று முறை தோற்ற இடத்தை அவர் பெருவிரலை ஒரு வெடிப்பில் செருகி, எழுந்து தாண்டிப் போனார். உச்சிக்குப் போய் நின்று கிழக்கே பார்த்துவிட்டுக் கத்தினார்.

"ஏய், இங்கேர்ந்து கடலு தெரியுது!"

கீழே நாங்கள் கைதட்டினோம், விசில் அடித்தோம். அவர் மனைவிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அவர் இறங்க ஆரம்பித்தார். ஏறிய வேகத்தைப் பார்த்ததில் இறங்குவதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. தலைவர் திரும்பி உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். மற்ற இருவரும் கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் கயிற்றோடு நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த அக்கா சந்தோஷத்தில் ஒரு பட்டையை நிரப்பிக்கொண்டு வந்து நீட்டினார். "இந்தா தம்பி, குடி. எம்மா நேரமா நின்னுகினு கீற."

நான் வாங்கினேன். இரண்டு கையாலும் வாங்கினேன். கயிறு முதுகில்தானே சுற்றியிருக்கிறது, அவர் என்ன விழவா போகிறார் என்று நினைத்தேன். ஒரு வாய் உள்ளே போயிருக்கும். மேலே சரளை உதிரும் சத்தம் கேட்டது. கயிறு என் இடுப்பைச் சுட்டுக்கொண்டு ஓடியது. பட்டையைப் போட்டுவிட்டு நான் கயிற்றைப் பிடிப்பதற்குள் அவர் தரையில் கிடந்தார்.

மூன்று ஆள் உயரம் இருக்கும். உயிர் இருந்தது. வலது இடுப்புக்குக் கீழே கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது. அவர் கத்தவில்லை. "தண்ணி, தண்ணி" என்று மட்டும் கேட்டார்.

கயிற்றுக் கட்டிலில் போட்டுச் சாலைக்குத் தூக்கி வந்தோம். சவுக்குக் கட்டை ஏற்றிப் போன லாரி ஒன்று நின்றது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவரை உள்ளே கொண்டுபோனார்கள், மனைவியும் கூடவே போனார். அங்கிருந்த போலீஸ்காரர் எங்களைப் பார்த்து, "யார் கொண்டாந்தது? எங்கேயும் போயிடாதீங்க. இன்னும் ஒரு மணி நேரத்துல வாக்குமூலம் எழுதணும்" என்றார்.

அந்த ஒரு மணி நேரத்தில் நாங்கள் சாப்பிடப் போனோம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஓர் ஓட்டல். விடியற்காலையிலிருந்து பாறை ஏறிய பசி. இலை போட்டதும் எல்லாம் மறந்துபோனது. நான் இரண்டாம் முறை சாம்பார் ஊற்றச் சொல்லிக் கேட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

சாப்பிட்டுக்கொண்டே தலைவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நீ கையை விட்டது எனக்குத் தெரியும். பட்டை கீழே கிடந்தது. அதைச் சொன்னா உன் மேல கேஸ் வரும். வேலை போயிடும். அப்பறம் நம்ம எல்லாரையும் இழுப்பாங்க."

"அப்போ என்ன சொல்றது?"

"அவரே ஏறினார்னு சொல்வோம். கொஞ்சம் போட்டிருந்தார் போலன்னு சொல்வோம். பனையேறி தானே, நம்புவாங்க."

நான் மறுத்துப் பேசவில்லை. மோர் வாங்கி ஊற்றிக்கொண்டேன்.

திரும்பிப் போனதும் தலைவர்தான் பேசினார். நாங்கள் கயிறு கட்டிக்கொள்ளச் சொன்னதாகவும், அவர் கேட்காமல் ஏறியதாகவும், பக்கத்தில் போனால் கள் வாசனை அடித்ததாகவும் சொன்னார். போலீஸ்காரர் ஆச்சரியப்படக்கூட இல்லை. எழுதிக்கொண்டே என்னைப் பார்த்து, "நீயும் பாத்தியா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அதற்குப் பிறகு நாங்கள் பாறை ஏறப் போகவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. ஆனால் எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. போய்ப் பார்க்க வேண்டும், போய்ப் பார்க்க வேண்டும் என்று தள்ளித் தள்ளி கிட்டத்தட்ட ஒரு வருடம் ஓடிவிட்டது. அடுத்த மாசி மாதத்தில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுத் தனியாகப் போனேன். எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிடுவது என்றுதான் போனேன்.

தோப்பில் வேறு ஒருவர் மரத்தில் இருந்தார். விசாரித்துக்கொண்டு போனேன். ஒரு களத்தில் வேர்க்கடலை காயப் போட்டிருந்தார்கள். அதன் ஓரத்தில் அந்த அண்ணன் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு கம்பால் காக்கை விரட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு நாற்பது மரம் ஏறி இறங்கியவர்.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்த விதத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை.

"யாரு வந்துகீறது பாரு! நம்ம கயித்துக்காரத் தம்பி!" என்று மனைவியைக் கூப்பிட்டார். பக்கத்தில் கடலை புடைத்துக்கொண்டிருந்த இன்னொருவரிடம், "இந்தத் தம்பி மட்டும் அன்னிக்குக் கயித்தப் புடிக்கலன்னா என்னைப் பொதச்ச எடத்துல புல்லு மொளச்சிருக்கும்" என்றார்.

என் முதுகைச் சுற்றியிருந்த கயிறு உராய்ந்து ஓடியதில் அவர் விழுந்த வேகம் கொஞ்சம் குறைந்திருக்கும். அதை அவர் நான் பிடித்து இழுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு வருடமாக ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்.

அவர் பேசிக்கொண்டே போனார்.

"காலு போனாப் போவுது தம்பி. குடிச்சிட்டு வுழுந்தேன்னு எவனோ எழுதி வச்சிட்டான். நான் கள்ளு எறக்கனவனும் இல்ல, குடிச்சவனும் இல்ல. போலீசு வந்து பானையெல்லாம் ஒடச்சிட்டுப் போனாங்க. மரத்துக்காரரு மரத்த வேற ஆளுக்கு வுட்டுட்டாரு. என் தம்பிக்காவது வுடுங்கன்னு காலப் புடிச்சேன். குடிகாரன் குடும்பத்துக்கு இல்லன்னுட்டாரு. நீ சொல்லு, நீ கூடவே இருந்தவன். அன்னிக்கு நான் குடிச்சிகினா இருந்தேன்?"

"இல்லண்ணே" என்றேன்.

"கேட்டுக்கோ!" என்று அந்த இன்னொருவரிடம் வெற்றி பெற்றவர் மாதிரி சொன்னார்.

அவர் மனைவி வந்து நின்றிருந்தார். ஒரு சொம்பில் கூழ் கரைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். சொல்ல வந்ததைச் சொல்லாமலே கிளம்பினேன். சாலை வரைக்கும் அந்த அக்காவும் கூட நடந்து வந்தார். களம் கண்ணுக்கு மறைந்ததும் நின்றார்.

"நீ கைய வுட்டத நான் பாத்தேன் தம்பி" என்றார்.

நானும் நின்று திரும்பிப் பார்த்தேன்.

"அத்த சொல்லத்தான வந்த? அவருகிட்ட சொல்லாத. கயித்தப் புடிச்ச புள்ளன்னு ஒன்ன நெனச்சிகினு கீறாரு. அந்த ஒண்ணாவது அவருக்கு இருக்கட்டும். எம்மேலயும்தான் தப்பு கீது. அந்த நேரத்துல நான் ஏன் பட்டைய நீட்டணும்? அதையே நெனச்சி நெனச்சி எனக்குச் சோறு எறங்கல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி கேட்டார்: "ஆனா அவரு குடிச்சிருந்தாருன்னு சொன்னது யாரு? அதுதான் எனக்குத் தெரியல. ஒனக்குத் தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். தெரியாது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியிருக்கலாம். அன்றைக்கு ஒரே ஒரு முறை உண்மை சொன்னேன்.

"நாங்கதான் அக்கா."

அவர் என்னைத் திட்டவில்லை. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார், முதல் முறையாகப் பார்ப்பது போல.

"கை வழுக்கறது யாருக்கும் வழுக்கும்" என்றார். "இது வழுக்கலயே. இனிமே இந்தப் பக்கம் வராத."

திரும்பி நடந்துவிட்டார்.

நான் நேரே அந்த மரத்துக்காரரின் வீட்டைத் தேடிப் போனேன். அந்த ஆள் குடிக்கவில்லை, நாங்கள் சொன்னது பொய் என்றேன். பெரியவர் பொறுமையாகக் கேட்டார். "வருஷம் கழிச்சி வந்து சொல்றியே, இப்ப ஏறிகினு கீறவன எறங்கச் சொல்லட்டா?" என்றார். காவல் நிலையத்துக்கும் போனேன். முடிந்துபோன விஷயம், போய் வேலையைப் பார் என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பேச வேண்டிய நாளில் ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையை ஆட்டிவிட்டு வந்தவன் நான்.

அந்த அக்கா சொன்னபடி அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை. அண்ணன் இருக்கிறாரா, இல்லையா என்பதும் தெரியாது. கோடையில் மாமல்லபுரம் பக்கம் குடும்பத்தோடு போகும்போது சாலையோரத்தில் பதநீர் விற்பார்கள். பிள்ளைகள் வண்டியை நிறுத்தச் சொல்லிக் குடிப்பார்கள். எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

தாகத்தில் கையை விட்டதை ஒரு நாள் நான் மன்னித்துக்கொண்டாலும் மன்னித்துக்கொள்வேன். ஆனால் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்து, நிதானமாக ஒரு நல்ல மனிதனைக் குடிகாரன் என்று சொன்னதற்குத் தலையை ஆட்டியதை, எழுபது வயது தாண்டியும் என்னால் எந்தப் பெயர் சொல்லியும் சின்னதாக்கிக்கொள்ள முடியவில்லை.