பட்டினப்பாக்கத்தில் பிடுங்கி நட்ட கொடி

காலை ஆறரை மணிக்குக் கோவை ரயில் என்னைச் சென்ட்ரலில் இறக்கிவிட்டது. எதிரே பூங்கா நகர் நிலையத்தில் ஐந்து ரூபாய்ச் சீட்டு வாங்கிப் பறக்கும் ரயிலில் ஏறினால் மந்தைவெளி. அங்கிருந்து பட்டினப்பாக்கம் கடற்கரை இரண்டு கிலோமீட்டர்கூட இராது. ஆட்டோக்காரர் நூற்றிருபது கேட்டார்.

"மெட்ரோக்கு ரோட்ட தோண்டி வச்சிக்கீறாங்க சார். சுத்திக்கினுதான் போவணும்."

எண்பதுக்கு முடிந்தது. சொன்னபடியே நிஜமாகச் சுற்றினார், அந்த மட்டில் நேர்மைக்காரர்.

நான் கோவையில் ஒரு சிறிய அறக்கட்டளையில் வேலை பார்க்கிறேன். குளமோ ஓடையோ கடற்கரையோ, தங்கள் பக்கத்து இயற்கையைப் பேணி அங்கே நிம்மதியாகப் பொழுது போக்க விரும்பும் தெருக்காரர்களுக்கு நிதியுதவி செய்கிறோம். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் ரோஸியும் அவருடைய தோழிகள் நால்வரும் முதல் தவணையைக் கொண்டு, வீடுகளுக்கும் கடலுக்கும் நடுவே அடம்புக் கொடி நட்டிருந்தார்கள். ஆட்டுக் குளம்பு மாதிரி பிளந்த இலை, ஊதாப் பூ. மணலைக் காற்று வாரிக்கொண்டு போகாமல் பிடித்துவைக்கும். கொடி உயிரோடு பரவியிருப்பதை நான் நேரில் பார்த்துச் சொன்னால் இரண்டாம் தவணை வரும். அதில் சாயங்காலம் குடும்பத்தோடு உட்கார நிழற்கூரையும் பெஞ்சும் போடத் திட்டம். கொடி நட்டால் பெஞ்சு முளைக்குமா என்று தெருவே தன்னைக் கிண்டலடிப்பதாக ரோஸி போனில் சொல்லியிருந்தார்.

ஏழரை மணிக்குப் போய் இறங்கினால், எனக்காக ஷாமியானா போட்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், தண்ணீர் தெளித்துத் தட்டிய மணலில் பெரிய கோலம். ஒரு காகிதம் இல்லை, ஒரு பாட்டில் இல்லை. ஒரு கொடியும் இல்லை.

காசிமேட்டில் மீன் எடுத்துக்கொண்டு ரோஸி அப்போதுதான் வந்து சேர்ந்தார். கூடையைக்கூடக் கீழே வைக்காமல் அப்படியே நின்றுவிட்டார்.

"அந்தோணி, கொடி எங்கடா?"

அந்தோணி அவருடைய கொழுந்தன். மாதா திருவிழாவுக்கு முன்னால் ஆண்கள் எல்லோரும் சேர்ந்து கடற்கரையைச் சுத்தம் செய்வது அந்தத் தெரு வழக்கமாம். வெளியூரிலிருந்து ஆள் வருகிறார் என்றதும் விடியுமுன் ரோஸியும் தோழிகளும் மீன் எடுக்கக் கிளம்பிப் போனதுமே அவர்களைத் திரட்டி அதேபோல இறங்கிவிட்டார்.

"செத்தையெல்லாம் வாரிட்டோம் அண்ணி. பெரிய மன்சன் வர்றாரு, காடு மாதிரி கெடந்தா நல்லாவா கீது?"

"அந்தக் காட்டப் பாக்கதாண்டா அவரு வந்துக்கீறாரு."

ரோஸி மணலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். இல்லாத கொடியை இருப்பதாக எழுத என்னால் முடியாது. அந்தக் கோலத்தை மிதித்துக்கொண்டு திரும்பிப் போகவும் மனம் வரவில்லை.

"புடுங்குனதை எங்கீங்க போட்டீங்க?" என்றேன்.

"படகாண்ட கீது சார்," என்றார் அந்தோணி.

படகுக்குப் பின்னால் கொடி மலையாகக் குவிந்து கிடந்தது. ரோஸி எழுந்து வந்து ஒரு கணுவை நகத்தால் கீறிப் பார்த்தார்.

"இன்னும் காயல. நட்டா புடிச்சிக்கும்."

அதன்பிறகு நடந்த வேலையில் நானும் ஒரு கூலிக்காரன்தான். பிடுங்கிய கைகளே குழி தோண்டின. ஷாமியானாவைக் கொடிக்கு நிழலாக நகர்த்தினார்கள். கோலத்தின் நடுவே வாய்க்கால் போனது, போட்ட பெண்ணே வெட்டினார். டீக்கடை பாய் எல்லோருக்கும் டீ அனுப்பிவிட்டுக் காசு வாங்க மறுத்தார். பதினோரு மணிக்கு வலையை இழுத்துக்கொண்டு ஒருவர் குறுக்கே வந்தபோது முதலில் கத்தியது அந்தோணி.

"யோவ், சுத்திக்கினு போ. கொடி கீது."

காலைவரை அது ஐந்து பெண்களின் கொடி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அலுவலகத்துக்குப் போன் செய்து நடந்ததை மறைக்காமல் சொன்னேன். எங்கள் மேடம் சிரித்து முடித்துவிட்டு, வேர் பிடிக்கட்டும், படம் பார்த்துத் தவணை அனுப்பலாம் என்றார். வஞ்சிரம் வறுவலோடு சாப்பிட்டு இரவு ரயில் ஏறினேன்.

கோவையில் எங்கள் தெருப் பூங்கா இதைவிட அழகு. எந்நேரமும் பூட்டியே இருக்கும். உள்ளே என்ன செடி என்று கேட்டால் எனக்கே தெரியாது.

மழைக்குப் பிறகு ஊதாப் பூக்களோடு ரோஸியின் படம் வந்தது, தவணையும் போய்ச் சேர்ந்தது. போன வாரம் அவரே கூப்பிட்டார்.

"பெஞ்சு போட்டாச்சு சார். வந்து குந்து. எப்ப வரேன்னு மட்டும் யாருக்கும் சொல்லிடாத."